நம் பாட்டிமார் உடுத்திய துணி

(பங்கின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நூற்றாண்டு விழா என்றால் கோவில் கட்டிய வரலாறு பேசுவோம். கொடிமரம் நட்ட வரலாறு பேசுவோம். இங்கே பணிபுரிந்த குருக்களின் பெயர்களை நன்றியோடு வரிசைப்படுத்துவோம். அவற்றையெல்லாம் பேச வல்லவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தந்திருக்கும் பொருள் மிகச் சாதாரணமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பகுதிப் பெண்கள் அன்றாடம் என்ன உடுத்தினார்கள், ஏன் அப்படி உடுத்தினார்கள் என்பதே அது. துணியைப் பற்றி என்ன பெரிதாகப் பேசிவிட முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முழத் துணிக்காக இந்தக் குமரி மண்ணில் பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள், வீடுகள் எரிந்திருக்கின்றன, அரசாங்கம் விளம்பரங்கள் பிறப்பித்திருக்கிறது. அதுவும் மிகப் பழைய காலத்துக் கதையன்று. 1859-ஆம் ஆண்டில் கைக்குழந்தையாக இருந்த ஒருத்தி, நம் பங்கு தொடங்கிய நாளில் எழுபதை நெருங்கும் பாட்டியாக இந்தக் கோவில் தரையில் அமர்ந்து திருப்பலி கண்டிருப்பாள். அவ்வளவு கிட்டத்தில் நடந்த கதை இது.

அன்று நம் பகுதி திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், இரணியல், விளவங்கோடு என்ற தாலுகாக்களில் ஒரு பெண் சந்தைக்கு வந்தால், அவள் வாய் திறந்து பேர் சொல்ல வேண்டியதில்லை. அவள் உடுத்திய துணியே அவள் யார், எந்தக் குடி, யாருக்கு அடங்கியவள் என்று ஊருக்குச் சொல்லிவிடும். நம்பூதிரி இல்லத்துப் பெண் வெளியே வந்தால் உடல் முழுவதும் போர்த்தி, பெரிய ஓலைக்குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, துணைக்கு ஒரு பணிப்பெண்ணுடன் வருவாள். நாயர் குடும்பத்துப் பெண் இடையில் வெள்ளை முண்டு உடுத்தி, தோளின்மேல் மெல்லிய மேல்முண்டு ஒன்றை இட்டுக்கொள்வாள். வசதியுள்ள வீடென்றால் அதில் சரிகைக் கரை மின்னும். சுரியானிக் கிறிஸ்தவப் பெண்கள் வெள்ளைச் சட்டையும் முண்டும் அணிவார்கள். முண்டின் பின்புறத்தில் விசிறி போல் கொசுவம் வைப்பார்கள். மாப்பிள்ளைமார் வீட்டுப் பெண்களும் குப்பாயம் என்னும் சட்டை அணிந்தார்கள்.

பனையேறும் குடும்பத்துப் பெண்ணுக்கோ, வயலில் நாற்று நடும் புலையர், பறையர் குடிப் பெண்ணுக்கோ அந்த உரிமை இல்லை. இடையில் ஒரு முரட்டுத் துணி. அது முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. இடைக்குமேல் ஏறவும் கூடாது. செருப்பு அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பொன் நகை போடக்கூடாது. பனையேறுவோர் வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் குற்றம். தலையில்தான் சுமக்க வேண்டும். இடுப்பில் குடம் வைத்து நடப்பது பெரிய வீட்டுப் பெண்களின் நடையாம்! உடை மட்டுமல்ல, நடையும் சாதிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது.

இங்கே ஒன்றை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் உடலை மூடுவதை மானத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். அன்றைய சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. தோளை மூடுவது மானத்திற்கு அடையாளம் அன்று, தகுதிக்கு அடையாளம். திறந்த தோள் பணிவுக்கு அடையாளம். நாயர் பெண்ணும்கூடத் தனக்கு மேலானவர் முன்னிலையில் மேல்முண்டை அகற்றி மரியாதை காட்ட வேண்டியிருந்தது. ஆக, அது ஒரு ஏணி. ஒவ்வொரு படியில் நிற்பவளும் மேல்படியில் இருப்பவர் முன் தோளைத் திறக்க வேண்டும். கடைசிப் படியில் நிற்பவளுக்கோ எல்லாரும் மேலானவர்கள். அதனால் அவள் தோள் எந்த வேளையும் திறந்தே இருக்க வேண்டியதாயிற்று. வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்றோ, வெயில் நாடு என்றோ ஏற்பட்ட வழக்கமல்ல இது. வெயில் எல்லாருக்கும் ஒன்றுதானே!

துணியில் இருந்த இந்த ஏற்றத்தாழ்வு உழைப்பிலும் இருந்தது. பனங்காட்டில் ஆண் ஏறி இறக்கிய பதநீரைப் பெண்தான் காய்ச்சுவாள். விறகு பொறுக்குவதும் அவளே. கருப்புக்கட்டி வார்த்துச் சந்தைக்குச் சுமப்பதும் அவளே. அதற்கு மேல், அரசுக்கும் கோவில்களுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டிய ஊழியம் என்ற கட்டாய வேலை அந்தக் குடும்பங்களின் தலையில் இருந்தது. வயல் அடிமைகளோ நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ஆம் ஆண்டில்தான். கூலியே காணாதவள் கடையில் துணி எடுப்பது எங்ஙனம்? சட்டம் தடுத்தது ஒருபுறம். வறுமை தடுத்தது மறுபுறம்.

இந்த நிலையில்தான் கிறிஸ்தவ மறை உள்நாட்டுக் கிராமங்களில் பரவிற்று. இங்கே நாம் நன்றியோடும் நேர்மையோடும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தோள்சீலைப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த நம் சகோதரக் கிறிஸ்தவர்கள். கர்னல் மன்றோ ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த காலத்திலேயே, மதம் மாறிய பெண்கள் மற்றக் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்று உத்தரவு பிறந்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் ஐயரின் துணைவியார் மார்த்தா அம்மையார் பெண்களுக்குத் தளர்ந்த சட்டை தைக்கக் கற்றுக்கொடுத்தார். ஊசியும் நூலும் பிடிக்கக் கற்ற பெண்களுக்கு அவரே சரிகைப் பின்னல் போன்ற லேஸ் வேலையையும் கற்பித்தார். நாகர்கோவில் லேஸ் பின்னாளில் கடல் கடந்து பேர் பெற்றது. லேஸ் பின்னி ஈட்டிய பணத்தால் தம்மை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்லுகிறது. எண்ணிப் பாருங்கள், தாய்மார்களே! தன் தோளில் ஒரு துணி போட உரிமையில்லாதவள், ஐரோப்பியச் சீமாட்டியின் கழுத்துப்பட்டைக்கு அழகு செய்து அனுப்பினாள்!

குப்பாயம் அணிந்த பெண்கள் சந்தைக்கு வந்தபோது எதிர்ப்பு மூண்டது. 1822-ஆம் ஆண்டில் கல்குளம், இரணியல் பகுதிகளில் பெண்களின் உடை பிடித்திழுக்கப்பட்டது. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றம் வரை சென்றது. 1823-இல் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் தீர்ப்பு ஏட்டில் இருந்தது. சந்தையில் கலகம் நின்றபாடில்லை. 1827-இலிருந்து மீண்டும் கலவரம். 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு ஒரு விளம்பரம் வெளியிட்டது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம். ஆனால் உயர்ந்த சாதிப் பெண்களைப் போலத் தோளில் மேல்துணி இடக்கூடாது என்பது அதன் சாரம்.

இந்த இடத்தில்தான் நம் பாட்டிமாரின் உள்ளம் நமக்குப் புலனாகிறது. உடலை மூடுவது மட்டுமே அவர்கள் கேட்டதாக இருந்தால், குப்பாயம் போதுமே! சட்டமும் அனுமதித்துவிட்டதே! அத்தோடு போராட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் அது நடந்தது. குப்பாயத்தின்மேல் அந்தத் தோள்சீலையையும் இட்டுக்கொண்டுதான் அவர்கள் சந்தைக்குப் போனார்கள். ஏன்? 'உனக்கென்று ஒரு தாழ்ந்த உடை தருகிறேன், அதை உடுத்திக்கொண்டு உன் இடத்தில் இரு' என்பதை அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது மறைப்பு அன்று, சமத்துவம். படிப்பறிவு இல்லாத, பனை நிழலில் வளர்ந்த பெண்கள் இவ்வளவு நுட்பமான வேறுபாட்டை உணர்ந்து, அதற்காக அடியும் ஏற்றார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

கிறிஸ்தவர்கள் மட்டுமே இதைச் செய்தார்கள் என்று சொல்வதும் நியாயமாகாது. சாமித்தோப்பில் வாழ்ந்த ஐயா வைகுண்டர் (1809–1851) தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வரச் சொன்னார். தலைத்துணியும் தோள்துணியும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள்தாம். எல்லைக்கு அப்பால் ஆங்கில ஆட்சியிலிருந்த திருநெல்வேலிச் சீமையில் இத்தகைய தடை இல்லை என்பதையும் நம் மக்கள் கண்டார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்று சம்பாதித்துத் திரும்பியவர்களும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் குற்றமில்லாத துணி, இப்பால் எப்படிக் குற்றமாகும் என்ற கேள்வி எழுந்தது.

1858-ஆம் ஆண்டின் கடைசியில் கலவரம் மீண்டும் வெடித்தது. பொது இடங்களில் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. சிற்றாலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. திவான் மாதவராயர் பழைய வழக்கத்தை மீறக்கூடாது என்று எச்சரித்து விளம்பரம் விட்டார். செய்தி சென்னை வரை எட்டியது. 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், பெண்களின் உடைக்குத் தடை விதிப்பது நாகரிக அரசுக்கு அடுக்காது என்ற கருத்தில் ரெசிடெண்ட் கல்லனுக்கு அழுத்தமாக எழுதினார். அதன்பின் 1859 ஜூலை 26-ஆம் நாள், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில், அந்த வரலாற்று விளம்பரம் வந்தது.

அதில் என்ன சொல்லியிருந்தது தெரியுமா? நாடார் பெண்கள் எந்த மதத்தவராயினும் குப்பாயம் அணியலாம். முரட்டுத் துணியை முக்குவத்திகள் சுற்றிக் கட்டுவதுபோல் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் உயர் சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக்கூடாது!

முக்குவத்திகள் யார்? நம் கடற்கரைத் தாய்மார். 1544-இல் புனித சவேரியார் திருமுழுக்குக் கொடுத்த அந்தக் குடிகளின் பேத்திமார். தலையில் மீன்கூடை சுமந்து, கடற்கரையிலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போன கத்தோலிக்கப் பெண்கள். அவர்கள் உடலில் சுற்றியிருந்த அந்த முரட்டுத் துணி அரசாங்க விளம்பரத்திலேயே இடம் பெற்றுவிட்டது. பெருமைப்பட வேண்டிய செய்தியா இது? ஒரு வகையில் ஆம்; மூடிய உடலோடு உழைத்தவர்கள் அவர்கள். மற்றொரு வகையில் இது வேதனையான செய்தி. பனங்காட்டுப் பெண்ணுக்கு அரசு தந்த சலுகை, கடற்கரைப் பெண்ணைக் காட்டி அளக்கப்பட்டது. 'நீ மேலே போகாதே, அவள் அளவுக்கு வா' என்று சொன்னதன் பொருள், அவளும் தாழ்ந்தவளே என்பதுதான். ஒரே வாக்கியத்தில் இரண்டு பெண்களை அளந்து, இரண்டு பேரையும் ஏணியின் கீழ்ப்படிகளில் நிறுத்திவிட்டது அந்த விளம்பரம்.

இன்று இந்தக் கோவிலில் கடலோரத்திலிருந்து வந்த குடும்பத்தாரும் இருக்கிறீர்கள். பனையடியிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். வயலடியிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். யாருடைய பாட்டி யாரைவிட உயர்வாக உடுத்தினாள் என்று நாம் பேசிக்கொள்வதில் பொருளே இல்லை. எல்லாப் பாட்டிமாரும் ஒரே முழக்கோலால் அளக்கப்பட்டவர்கள்தாம்.

சட்டம் மாறிய பின்னும் பழக்கம் மாற நாளாயிற்று. ஊசியும் நூலும் கொண்டுவந்த மாற்றம் மெல்ல மெல்ல வந்தது. நம் கத்தோலிக்கத் திருச்சபையிலும் அந்தப் பணி நடந்தது. 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து மரிய லூயிஸ் தெ மேஸ்தர் அன்னை முளகுமூட்டுக்கு வந்து, ஆதரவற்ற பிள்ளைகளையும் பெண்களையும் அரவணைத்தார். எழுத்தோடு தையலும் பின்னலும் அங்கே கற்பிக்கப்பட்டன. தானே தைத்த சட்டையைத் தானே அணிந்த பெண், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் மூலையில் கிடக்கும் பழைய தையல் இயந்திரத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது அந்த இயந்திரம்தான்.

2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு நினைவுக் கூட்டம் நடந்தது; தமிழகம், கேரளம் என்ற இரு மாநிலங்களின் முதலமைச்சர்களும் வந்திருந்தார்கள். மேடையில் நினைவுகூர்வது நல்லதே. ஆனால் அந்த நினைவு நம் கோவில் வாசலிலும் நிற்க வேண்டாமா?

தாய்மார்களே, நான் இதுவரை சொன்னது வரலாறு. இனிச் சொல்லப் போவது நமக்கான விண்ணப்பம்.

திருமடல் எழுதிய புனித யாக்கோபு, பொன் மோதிரமும் பளபளக்கும் ஆடையும் அணிந்து வருபவனுக்கு நல்ல இருக்கை கொடுத்து, அழுக்குத் துணியோடு வரும் ஏழையை ஓரத்தில் நிற்கச் சொல்லும் சபையைக் கண்டித்தார். அவர் கண்டித்தது பிற மதத்தாரை அன்று, திருமுழுக்குப் பெற்றவர்களை. நம்மிடையே இன்று எந்தச் சட்டமும் யாருடைய தோளையும் திறக்கச் சொல்வதில்லை. ஆனால் திருவிழா வந்தால் பழைய சேலையோடு முன்வரிசைக்கு வரக் கூசி, கடைசியில் தூணுக்குப் பின்னால் நிற்கும் தாய் நம் பங்கில் இல்லையா? முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைப் போல உடை எடுக்க வட்டிக்குப் பணம் வாங்கும் குடும்பம் இல்லையா? கலியாண வீட்டில் பட்டின் விலையைக் கேட்டு, அதற்குத் தக்கபடி நாற்காலி காட்டும் பழக்கம் நம்மிடம் இல்லையா? பழைய ஏணியை முறித்துவிட்டோம் என்கிறோம். அதன் கட்டைகளைக் கொண்டே புதிய ஏணி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று அஞ்சுகிறேன்.

நூற்றாண்டு விழாப் பவனியில் பெண்கள் அனைவரும் ஒரே நிறப் பட்டுச் சேலையில் வர வேண்டும் என்றொரு யோசனை அன்பியங்களில் பேசப்படுவதாக அறிகிறேன். ஒரே நிறம் என்பது நல்ல எண்ணம். அதில் சமத்துவம் இருக்கிறது. ஆனால் அதை வாங்க முடியாதவள் அன்று வீட்டிலேயே இருந்துவிட்டால், அந்தச் சமத்துவம் யாருக்கு? ஆகவே விழாக் குழுவினரை மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரே நிறம் வேண்டுமென்றால், பட்டு வேண்டாம். கைத்தறிப் பருத்திச் சேலையாக இருக்கட்டும். நம் வடசேரி நெசவாளர்களின் கைக்கும் அது சோறாகட்டும். இயன்றவர்கள் இரண்டு சேலைக்குப் பணம் கொடுங்கள். யார் கொடுத்தது, யார் பெற்றது என்று எந்த ஏட்டிலும் எழுத வேண்டாம். ஒலிபெருக்கியில் வாசிக்கவும் வேண்டாம். அதுவும் இயலாதென்றால் அவரவர் வீட்டிலுள்ள சேலையை உடுத்தி வரட்டும். எந்தச் சேலையில் வந்தாலும் பவனியில் இடம் உண்டு என்று ஞாயிறு திருப்பலியில் பங்குத் தந்தை அவர்களே அறிவித்தால் எத்தனையோ தாய்மார் மனம் குளிரும்.

இன்னொரு சிறு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய முண்டோ, குப்பாயமோ, பின்னல் துணியோ, கொள்ளுப் பாட்டியின் நிழற்படமோ இருந்தால், விழாக் கண்காட்சிக்குக் கொண்டுவாருங்கள். வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு இரண்டு வரி எழுதித் தாருங்கள். கிழிந்ததாயிற்றே என்று வெட்கப்பட வேண்டாம். ராஜாக்களின் பட்டாடை அரண்மனைகளில் பத்திரமாக இருக்கிறது. நம் பாட்டிமாரின் முரட்டுத் துணியை நாம்தான் காக்க வேண்டும்.

நம் தாய்த் திருச்சபை நம் ஒவ்வொருவருக்கும் முதன்முதலில் தந்த உடை எது? திருமுழுக்கு நாளில் குரு போர்த்திய வெண்ணாடை. பண்ணையார் பிள்ளைக்கு நீளமாகவும் பனையேறி பிள்ளைக்குக் குட்டையாகவும் அதைத் திருச்சபை வெட்டவில்லை. கடற்கரைப் பிள்ளைக்கு முரட்டுத் துணி, மேட்டுக்குடிப் பிள்ளைக்குச் சரிகைத் துணி என்று சடங்கு நூலில் இல்லை. புனித பவுல் கிறிஸ்துவையே நாம் உடுத்திய ஆடையாகச் சொல்லுகிறார். அந்த ஆடையில் அடிமை என்றும் உரிமையாளன் என்றும் வேற்றுமை இல்லை என்கிறார். நமது புனித தேவசகாயம் உயர்ந்த குடியில் பிறந்தும், எல்லாரும் சமம் என்று வாழ்ந்து காட்டி, 1752-இல் காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அந்தப் புனிதரின் மண்ணில், அந்தப் பாட்டிமாரின் பேத்திகளாகப் பிறந்த நாம், நூற்றாண்டுப் பவனியில் தோளோடு தோள் சேர்ந்து நடப்போம். யார் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்காத பவனியாக அது அமையட்டும். அவ்வாறு அமைய நம் அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாளாக!



மரியே வாழ்க!